பல்வரிசையும் பளிங்குறையும்

ஒழுங்கற்ற பல்லுக்குத் தமிழில் வழங்கும் பெயர்களை எண்ணிப் பார்த்தால் வியப்பாயிருக்கிறது. உதட்டைத் தள்ளிக்கொண்டு முன்னே நிற்பது எத்துப்பல். ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்பது தெற்றுப்பல். மேலே ஏறி முளைத்த கோரைப்பல்லைச் சிங்கப்பல் என்பாரும் உளர். முத்தென்றும் முல்லை அரும்பென்றும் புலவர் பாடிய பல்வரிசை எல்லார்க்கும் வாய்ப்பதில்லை என்பதை நம் மக்கள் நன்கு அறிந்திருந்தனர். பெயர் வைத்தனர், கேலி பேசினர், தெற்றுப்பல்லைச் சில வேளை அழகென்றே கொண்டாடினர். ஜப்பானியரும் இத்தகைய பல்லை ‘யாயெபா’ என்று பெயரிட்டு விரும்பியதுண்டு.

ஆனால், இன்று இந்தியப் பெருநகரங்களில் பல் மருத்துவர் கூடங்களிலும் விளம்பரங்களிலும் ஒரு புதிய பொருள் காட்சி தருகிறது. பளிங்குபோல் தெளிந்த பிளாஸ்டிக்கினால் ஆகிய மெல்லிய உறை அது. ‘அலைனர்’ என்று அதனை வழங்குகின்றனர். பல்லின்மேல் மாட்டிக்கொண்டால் எதிரில் இருப்பவர் எளிதிற் கண்டுகொள்ள முடியாது. உண்ணும்போது கழற்றி வைக்கலாம். சில மாதங்களில், அல்லது ஓரிரண்டு ஆண்டுகளில், கோணிய பல் நேராகும் என்பர். திருமண வயதில் பெண்ணையோ பிள்ளையையோ வைத்திருக்கும் நம் அன்பர் பலர், “இது மெய்தானா? இதற்கு மருத்துவர் தேவையா, தபாலில் வருவித்துக்கொண்டாற் போதுமா?” என்று வினவுகின்றனர். பணமும் பல்லும் ஒருங்கே ஈடுபடும் இவ்வினாவுக்கு, இப்பொருள் பிறந்து வளர்ந்த வரலாற்றிலேயே விடை கிடக்கிறது. ஆதலின் அவ்வரலாற்றை இம்மலரில் சொல்லப் புகுகின்றோம்.

பல்லை இடம் பெயர்க்கலாம் என்ற செய்தி மிகப் பழையது. கி.பி. முதல் நூற்றாண்டில் உரோமாபுரியில் வாழ்ந்த செல்சஸ் என்பார் தம் மருத்துவ நூலில் ஓர் எளிய முறையைக் கூறியுள்ளார். பாற்பல் விழுமுன்னரே புதுப்பல் முளைத்துவிட்டால், பாற்பல்லை அகற்றிவிட்டு, புதுப்பல்லை நாள்தோறும் விரலால் அதன் இடத்தை நோக்கித் தள்ளிவர வேண்டும் என்பதே அது. கருவியில்லை, கம்பியில்லை, விரலும் பொறுமையுமே மருந்து. பின்னர் வந்த எல்லாக் கருவிகளும் அவ்விரலின் வேலையையே செய்கின்றன என்று சொன்னால் மிகையாகாது.

கருவி கொண்டு பல்லை நேராக்கும் முறையை நூலாக எழுதிவைத்தவர் பிரெஞ்சு நாட்டுப் பியர் ஃபோஷார். 1728இல் வெளிவந்த அவருடைய நூல் பல் மருத்துவத்தைத் தனிக் கலையாக நிலைநாட்டியது. குதிரை இலாட வடிவில் வளைத்த உலோகப் பட்டையொன்றைப் பல்வரிசையின் ஓரமாக வைத்து, கோணிய பற்களை நூலால் அதனோடு இழுத்துக் கட்டினார் அவர். இன்று நம் வீட்டுப் பிள்ளைகள் ‘கிளிப் போட்டுக்கொள்வது’ அந்தப் பட்டையின் வழித்தோன்றலே.

அடுத்த நூற்றெழுபது ஆண்டுகளைப் பற்றி இங்கு விரிப்பது வேண்டாம். அவரவர்க்குத் தோன்றிய திருகாணிகளும் வளையங்களும் பெருகின, நெறியொன்றும் உண்டாகவில்லை. நெறி வகுத்தவர் அமெரிக்கராகிய எட்வர்ட் ஆங்கில் ஆவர். 1855இல் பிறந்த இவர், மேல் தாடையின் முதற் கடைவாய்ப்பல்லை அடையாளக் கல்லாகக் கொண்டு, பல்வரிசைக் கோளாறுகளை மூன்று வகுப்பாகப் பிரித்து 1899இல் வெளியிட்டார். அப்பிரிவினை இன்றும் உலகமெங்கும் கற்பிக்கப்படுகிறது. 1900இல் செயின்ட் லூயி நகரில் இக்கலைக்கென்றே பள்ளியொன்று நிறுவினார். 1928இல், நாற்கோணக் கம்பியைச் சிறு தாங்கிகளின் பள்ளத்தில் பொருத்தும் முறையை முழுமையாக விளக்கினார். இன்றைய கம்பி முறைகளுட் பெரும்பாலானவை அதிலிருந்து கிளைத்தவையே.

ஆங்கில் பிடிவாதக்காரர். முப்பத்திரண்டு பல்லையும் காப்பதே இயற்கையின் நோக்கம். ஒன்றையும் பிடுங்கலாகாது என்பது அவர் கொள்கை. முக அழகுக்கு அவர் முதலில் எடுத்துக்காட்டியது வத்திக்கானில் நிற்கும் அப்போலோ சிலை. உயிருள்ள மாந்தர் முகத்தைச் சலவைக்கல் முகத்தோடு ஒப்பிட்டு அளப்பது நமக்கு வேடிக்கையாகத் தோன்றுகிறது. அக்காலத்திலேயே கால்வின் கேஸ் போன்றார் இக்கொள்கையை மறுத்தனர். 1911இல் நிகழ்ந்த வாதப் போர் இத்துறையில் இன்றளவும் பேசப்படுகிறது. ஆங்கிலின் மாணாக்கருள் ஒருவராகிய சார்லஸ் ட்வீட், ஆசிரியர் வழியில் தாம் நேராக்கிய பற்கள் பல மீண்டும் கோணியதைக் கண்டார். அந்நோயாளிகளுக்கே சில பற்களை எடுத்துவிட்டு மறுபடியும் சிகிச்சை செய்து, 1940ஆம் ஆண்டையொட்டி அதனை வெளிப்படையாகக் காட்டினார். ஆசிரியர்பால் கொண்ட பக்தி அவர் கண்ணை மறைக்கவில்லை.

இனி, பல் எவ்வாறு நகர்கிறது என்பதைச் சற்று விளங்கிக்கொள்ள வேண்டும். இதனை அறியாதார்க்கு உறையின் பெருமையும் விளங்காது, சிறுமையும் விளங்காது. பல் தாடை எலும்பில் ஆணி அறைந்தாற்போல் நிற்பதன்று. வேருக்கும் எலும்புக்கும் இடையே ஏறத்தாழ 0.2 மில்லிமீட்டர் அகலமுள்ள நார்ப்படலம் ஒன்று உண்டு. பல்லை ஒரு பக்கமாக மெல்ல அழுத்தினால், அழுந்தும் பக்கத்து எலும்பைச் சில உயிரணுக்கள் கரைக்கின்றன. மறுபக்கத்தில் வேறு சில உயிரணுக்கள் புது எலும்பைக் கட்டுகின்றன. இதனை நாய்களின் பற்களில் சோதித்து 1904ஆம் ஆண்டையொட்டி விளக்கியவர் ஸ்வீடன் நாட்டுக் கார்ல் சான்ட்ஸ்டெட். அவர் கண்ட மற்றொன்று இன்னும் முக்கியமானது. அழுத்தம் மிகுந்தால் படலத்தின் இரத்த ஓட்டம் தடைப்பட்டு அவ்விடத்துத் திசு மடிகிறது. பல் நகராமல் நின்றுவிடுகிறது. ஆக, பல்லை விரைந்து நகர்த்த வலிந்து தள்ளுவது வீண் வேலை. மெல்லத் தள்ள வேண்டும். இடைவிடாது தள்ள வேண்டும். இவ்விரண்டையும் ஒருசேரச் செய்வது எப்படி என்பதே இக்கலையின் முழுச் சிக்கலும்.

இங்கேதான் நம் கதையின் முதல் நாயகர் வருகிறார். அமெரிக்காவில் இந்தியானா மாநிலத்தைச் சேர்ந்த ஹெரால்ட் கெஸ்லிங் என்னும் பல் மருத்துவர், உலகப் போர் முடிந்த 1945ஆம் ஆண்டில், தாம் செய்த ரப்பர்க் கருவியொன்றைப் பற்றிக் கட்டுரை எழுதினார். கம்பிச் சிகிச்சை முடியுந் தறுவாயில், பற்கள் ஏறக்குறைய ஒழுங்காகி, சிறுசிறு குறைகளே எஞ்சியிருக்கும். அந்நிலையில் வாயின் அளவை எடுத்துச் சாந்து அச்சு வார்த்தார். அச்சிலுள்ள பற்களை ஒவ்வொன்றாக அறுத்தெடுத்து, அவை எங்கு இருக்க வேண்டுமோ அங்கு மெழுகில் நிறுத்தினார். அவ்வாறு திருத்திய அச்சின்மேல், மேல்வரிசையையும் கீழ்வரிசையையும் சேர்த்து மூடும் ரப்பர் உறையை உருவாக்கினார். நோயாளி அதனை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருக்க, ரப்பரின் நெகிழ்ச்சி பற்களை மெல்லத் தள்ளி உரிய இடத்தில் சேர்த்தது.

இதனோடு அவர் நின்றிருந்தால் நாம் அவரை இவ்வளவு நினைக்க வேண்டியதில்லை. அதே கட்டுரையில் அவர் ஒன்று குறிப்பிட்டார். மெழுகில் பற்களைச் சிறிது சிறிதாக நகர்த்தி, படிப்படியாகப் பல உறைகளைச் செய்து, ஒன்றன்பின் ஒன்றாக மாட்டிவந்தால், பெரிய கோணல்களையும் கம்பியின்றியே திருத்த இயலும். இப்போது அது நடைமுறைக்கு ஒத்துவராது. ஆயினும் நடக்கக்கூடியதே என்பது அவர் கருத்து. இன்றைய அலைனரின் முழுத் தத்துவமும் 1945இல் எழுதிய அவ்வரிகளில் அடங்கியிருக்கிறது.

ஏன் நடைமுறைக்கு ஒத்துவரவில்லை? கணக்கிட்டுப் பாருங்கள். ஒரு பல் 5 மில்லிமீட்டர் நகர வேண்டும் என்று கொள்வோம். படியொன்றுக்குக் கால் மில்லிமீட்டர் வீதம் இருபது படிகள் வேண்டும். ஒவ்வொரு படிக்கும் சாந்துப் பல்லை அறுத்து, மெழுகில் நிறுத்தி, கால் மில்லிமீட்டர் பிசகாமல் நகர்த்தி, மேலே உறை செய்ய வேண்டும். நகர வேண்டிய பல் ஒன்றல்ல, பத்தாயின்? தேர்ந்த கைவினைஞர் ஒருவர் ஒரு நோயாளிக்காகவே வாரக் கணக்கில் உட்கார வேண்டிவரும். கருத்து இருந்தது, அதனைச் செய்து முடிக்கும் கைதான் இல்லை. அக்கை கிடைக்க ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

இடைக்காலத்தில் சிறுசிறு முன்னேற்றங்கள் நிகழ்ந்தன. 1964இல் ஹென்றி நஹூம் என்பவர், பிளாஸ்டிக் தகட்டைச் சூடேற்றி, காற்றை உறிஞ்சி, அச்சின்மேல் படிய வைக்கும் முறையை விளக்கினார். ரப்பர் போய்ப் பளிங்குத் தகடு வந்தது. 1971இல் ராபர்ட் பொனிட்ஸ், நேராகிய பற்களைக் காக்கும் தெளிந்த உறைகளைப் பற்றி எழுதினார். 1993இல் ஜான் ஷெரிடன் மெல்லிய, மலிவான உறையொன்றை அறிமுகப்படுத்தினார். இவை யாவும் சிறு கோணலுக்கே பயன்பட்டன.

வேறொருவர் கண்டதும் இக்கதைக்கு இன்றியமையாதது. 1955இல் மைக்கேல் புவனகோர் என்பார், பல்லின் எனாமலைப் பாஸ்பாரிக் அமிலத்தால் சற்று அரித்துவிட்டால், பிசின் அதன்மேல் உறுதியாக ஒட்டும் என்று காட்டினார். உலோகத்தில் வண்ணம் நன்கு பற்றுவதற்குத் தொழிற்சாலைகள் அவ்வமிலத்தைப் பயன்படுத்துவதைக் கண்டு அவருக்கு இந்த யோசனை தோன்றிற்று. அதுவரை ஒவ்வொரு பல்லையும் உலோக வளையத்தால் சுற்ற வேண்டியிருந்தது. பின்னர்ச் சிறு தாங்கியைப் பல்லின் முகத்திலேயே ஒட்டும் வழி பிறந்தது. பல்லின் பின்புறமாகக் கம்பி பொருத்துவதும், பல் நிறத்திலேயே தாங்கி செய்வதும் பின்னர் வந்தன. மறைக்க வேண்டும் என்ற ஆசை உறையோடு பிறந்ததன்று என்பதை இவற்றால் அறியலாம். வளர்ந்தவர்கள், அலுவலகம் செல்வோர், மேடையேறுவோர், வாயில் கம்பியோடு காட்சி தரக் கூசினர். அக்கூச்சமே பின்னர்ப் பெருஞ் சந்தையாயிற்று.

1997இல் கலிபோர்னியாவில், ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் வணிக மேலாண்மைப் பள்ளியில் பயின்ற இருவர் ‘அலைன் டெக்னாலஜி’ என்ற நிறுவனத்தைத் தொடங்கினர். ஒருவர் ஜியா சிஷ்டி, லாகூரில் வளர்ந்தவர். மற்றவர் கெல்சி வர்த் அம்மையார். இருவருள் ஒருவரும் பல் மருத்துவர் அல்லர். சிஷ்டி வளர்ந்த பின் கம்பி போட்டுக்கொண்டவர். சிகிச்சை முடிந்தபின் காவலுக்காகத் தந்த உறையை அவர் சில நாள் மாட்டாமல் விட்டால் பல் சற்று விலகும். மீண்டும் மாட்டினால் பழைய இடத்துக்கே திரும்பும். காவல் காக்கும் உறையே பல்லை நகர்த்தவும் செய்கிறது எனில், வரிசையாகப் பல உறைகளைச் செய்து முழுக் கோணலையும் திருத்தினால் என்ன என்று அவர் எண்ணினார். கெஸ்லிங் கண்ட கனவையே, அத்துறை அறியாத ஒருவர் தம் வாயில் மீண்டும் கண்டார்!

இம்முறை கை கிடைத்துவிட்டது. கணிப்பொறி அக்கை. நோயாளியின் பல் அளவைக் கணிப்பொறிக்குள் முப்பரிமாண உருவமாக ஏற்றினர். திரையில் ஒவ்வொரு பல்லையும் தனித்தனியே பிரித்து, படிப்படியாக நகர்த்தினர். சாந்தை அறுக்க வேண்டியதில்லை, மெழுகு உருக்க வேண்டியதில்லை. சார்லஸ் ஹல் என்பார் 1986இல் காப்புரிமை பெற்ற முறையொன்று அப்போது வழக்கிலிருந்தது. திரவப் பிசினை ஒளிக்கதிரால் அடுக்கடுக்காக உறையச் செய்து பொருள்களை வார்க்கும் முறை அது. அதைக் கொண்டு ஒவ்வொரு படிக்கும் ஒவ்வோர் அச்சை வார்த்து, அதன்மேல் பிளாஸ்டிக் தகட்டைப் படியவைத்து, ஓரத்தை வெட்டி எடுத்தனர். 1998இல் அமெரிக்க அரசின் மருந்துக் கண்காணிப்புத் துறை அனுமதி தந்தது. 1999இல் ‘இன்விசலைன்’ என்ற பெயரில் விற்பனை தொடங்கிற்று. ஒரு தொழிற்சாலையில் ஆயிரக்கணக்கான பொருள்கள் செய்யப்படுகின்றன. ஆயின், அவற்றுள் ஒருவருடையது மற்றொருவர்க்குப் பொருந்தாது. உற்பத்தி வரலாற்றில் இஃதொரு புதுமை.

இந்நாட்டவராகிய நாம் கருதத்தக்க செய்தி ஒன்று இதில் உண்டு. திரையில் பற்களைப் பிரித்து நகர்த்தும் நுண்பணி தொடக்க காலத்தில் நடைபெற்றது லாகூரில். அங்கு அமர்ந்த இளைஞர்கள் அமெரிக்கர் வாயைத் திரையில் கண்டு பல்லை நகர்த்தினர். 2001 ஜனவரியில் நிறுவனத்தின் பங்குகள் பொதுச் சந்தைக்கு வந்தன. அவ்வாண்டு செப்டம்பரில் நியூயார்க் கோபுரங்கள் தகர்க்கப்பட்டன. அதன்பின் லாகூர்ப் பணிமனை மூடப்பட்டு, வேலை கோஸ்டாரிகா நாட்டுக்குப் பெயர்ந்தது. பல் நேராவதற்கும் உலக அரசியலுக்கும் என்ன தொடர்பு என்று எவரும் கேட்கலாம். வேலை இழந்தார்க்கு அத்தொடர்பு நன்கு தெரிந்திருக்கும்.

தொடக்கத்து உறைகள் விளம்பரம் சொன்ன அளவுக்கு வேலை செய்யவில்லை. உறை பல்லைத் தள்ள வல்லது. பற்றிப் பிடித்துத் திருக வல்லதன்று. உருண்ட கோரைப்பல்லைத் திருப்ப முயன்றால் உறை வழுக்கியது. பல்லைப் பிடுங்கிய இடைவெளியை மூட முயன்றால், பல் நிமிர்ந்து நகராமல் சாய்ந்தது. பரிகாரமாக, பல்லின்மேல் அதே நிறத்துப் பிசினால் சிறு மேடுகளை ஒட்டினர். உறை அம்மேட்டைப் பற்றிக்கொண்டு இழுக்கும். புவனகோர் 1955இல் கண்டது ஈண்டு கைகொடுத்தது. சில வாய்களில், நெருக்கத்தைக் குறைக்கப் பல்லின் பக்கங்களை மயிரிழை அளவு தேய்க்கவும் வேண்டியிருந்தது. முற்றும் கண்ணுக்குத் தெரியாத சிகிச்சை என்ற பேச்சு இவற்றால் சற்றே குறைந்தது.

ஆராய்ச்சியாளரும் வாளாவிருக்கவில்லை. 2005இல் வெளிவந்த நியூயார்க் ஆய்வொன்று, இருதிறச் சிகிச்சை பெற்றாரையும் ஒரே அளவுகோலால் மதிப்பிட்டு, கம்பியே மேம்பட்டது எனக் கண்டது. 2009இல் க்ராவிட்ஸ் என்பாரும் உடனாய்வாளரும், கணிப்பொறி திரையில் காட்டிய முன்பல் அசைவில் எத்துணைப் பங்கு வாயில் நிகழ்ந்தது என்று அளந்தனர். சராசரி 41 விழுக்காடு. பொருளும் முறையும் திருந்திய பின் 2020இல் வெளிவந்த தொடராய்வில் அது 50 விழுக்காடாயிற்று. திரையில் காணும் அழகிய சிரிப்பு ஒரு முன்கணிப்பே; அதில் பாதி நடந்தபின் மீதியை மருத்துவர் மீண்டும் அளவெடுத்து, மேலும் சில உறைகளால் நிறைவு செய்ய வேண்டியிருக்கிறது. எளிய நெருக்கத்துக்கும் சிறு இடைவெளிக்கும் உறை நன்கு பயன்படுகிறது; கடினமான கோளாறுக்குத் தேர்ந்தவர் கையும், சில போது கம்பியும் தேவைப்படுகின்றன. நாளொன்றுக்கு 20 முதல் 22 மணி நேரம் மாட்டியிருக்க வேண்டும் என்பதும் சிறிய நிபந்தனையன்று. கழற்றக்கூடியது என்பதே அதன் வசதி. அதுவே அதன் பகையும். விருந்துக்கும் காப்பிக்கும் கழற்றி வைத்து, கைத்துணியில் சுற்றி, இலையோடு எறிந்துவிட்டுத் தேடுவோர் உண்டு.

நிறுவனர் சிஷ்டி 2002இல் விலகினார்; 2005இல் போட்டி நிறுவனம் ஒன்று கண்டு, வழக்குகளுக்குப் பின் 2006இல் அதனை மூடினார். மூல நிறுவனத்தின் முக்கியக் காப்புரிமைகள் பல 2017இல் முடிவுற்றன. அதன்பின் உலகெங்கும், இந்தியாவிலும், உறை செய்வோர் பெருகினர், போட்டி வளர்ந்தது. சாந்து அச்சுக்குப் பதில் வாய்க்குள் ஒளிக்கோலை நகர்த்தி அளவெடுக்கும் கருவியும் பரவிற்று.

“மருத்துவர் தேவையா?” என்ற வினாவுக்கு இனி வருவோம். 2014இல் அமெரிக்காவில் தோன்றிய ‘ஸ்மைல் டைரக்ட் கிளப்’ என்ற நிறுவனம், வாடிக்கையாளர் தம் வீட்டிலேயே பல் அளவெடுத்து அனுப்பலாம், உறைகள் தபாலில் வீடு வந்து சேரும் என்ற முறையைப் பரப்பியது. நேரில் பரிசோதனை இல்லை; விலை குறைவு. தொலைவிலிருந்து மருத்துவர் ஒருவர் திட்டத்தைப் பார்ப்பார் என்றனர். பல் மருத்துவர் சங்கங்கள் எதிர்த்தன. சொந்த இலாபம் கருதிய எதிர்ப்பு என்று நிறுவனம் சாடியது. அதில் சிறிது உண்மையும் இருக்கலாம். ஆயினும், ஈறு நோயால் எலும்பு தேய்ந்த வாயில் பல்லை நகர்த்துவது ஆபத்து. எலும்பின் நிலை எக்ஸ்ரேயில் தெரியும். வீட்டில் எடுத்த அளவில் தெரியாது. அசையும் பல்லையும், மறைந்த சொத்தையையும், முளைக்காமல் எலும்புக்குள் கிடக்கும் பல்லையும் கண்டறிபவர் நேரில் பார்க்கும் மருத்துவரே. 2023 செப்டம்பரில் அந்நிறுவனம் திவால் மனுக் கொடுத்தது, டிசம்பரில் மூடப்பட்டது. சிகிச்சையின் நடுவே இருந்தவர்கள் பாதி நகர்ந்த பல்லோடு நின்றனர். தவணையில் பணம் செலுத்திவந்தவர்கள் தொடர்ந்து செலுத்த வேண்டும் என்ற அறிவிப்பும் வந்தது. பல்லை நகர்த்தத் தொடங்கியவர் நடுவில் மறைந்துவிட்டால், அப்பல்லுக்கு யார் பொறுப்பு? இவ்வினா நீதிமன்றத்துக்கு உரியதாக இருக்கலாம். பணம் கட்டுமுன் கேட்க வேண்டிய வினாவும் இதுவே.

நம் நாட்டில் பல் மருத்துவக் கல்வி தொடங்கி நூறாண்டு கடந்துவிட்டது. டாக்டர் ரஃபியுதீன் அகமது 1920இல் கல்கத்தாவில் முதற் பல் மருத்துவக் கல்லூரியை நிறுவினார். பல் மருத்துவர் சட்டம் 1948இல் வந்தது. பல்லை நேராக்குவதில் தேர்ந்தார்க்கென இந்தியச் சங்கம் 1965இல் அமைந்தது. பல் மருத்துவத்தில் பட்டம் பெற்றபின் மேலும் மூன்றாண்டு இத்துறையில் பயின்றவர்கள் இன்று பெருநகரங்களில் எல்லாம் உளர். உறையின் மேலட்டையில் எந்த நிறுவனத்தின் பெயர் இருக்கிறது என்பதைக் காட்டிலும், அதனைத் திட்டமிடுபவர் அப்படிப்பு உடையவரா என்று கேட்பது பயன் தரும்.

எஞ்சியிருப்பது ஒன்று. நேராகிய பல் நேராகவே நிற்குமா? வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராபர்ட் லிட்டில் என்பாரும் உடனாய்வாளரும் 1981இல் இதற்கு விடை தந்தனர். கம்பிச் சிகிச்சை பெற்று, காவற் கருவியையும் நீக்கிப் பத்தாண்டு கடந்த 65 பேரை அவர்கள் ஆராய்ந்தனர். ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினருக்குக் கீழ் முன்பற்கள் மீண்டும் நெருங்கியிருந்தன. யாருக்கு நெருங்கும், யாருக்கு நெருங்காது என்று முன்கூட்டிச் சொல்லும் குறியும் அவர்களுக்கு அகப்படவில்லை. ஆகவே, சிகிச்சை கம்பியாலாயினும் உறையாலாயினும், முடிந்த அன்று மருத்துவர் மற்றொரு தெளிந்த உறையைக் கையில் கொடுத்து, இதனை இரவுதோறும் ஆண்டுக்கணக்கில் மாட்டிவருக என்கிறார். சிஷ்டி சில நாள் மாட்டாமல் விட்ட உறையும் இத்தகையதே.